மணியக்காவும் நிறுத்திவைத்த ட்ரிகரும்

மணியக்காவின் பெயர் மணி அல்ல. அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். அதுவும் ஓர் எழுத்துப் பிழையோடுதான். மற்ற எல்லோருக்கும் அவர் மணியக்கா. எந்த வேலை எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லிவைப்பது அவருடைய உத்தியோகம் என்பதால் வந்த பெயர் அது. அடையாள அட்டையில் 'முதுநிலை தரவு ஒருங்கிணைப்பு நிபுணர்' என்று நீளமாகப் போட்டிருப்பார்கள். அவருடைய கணவர் உறவுக்காரர்களிடம் அதைச் சுருக்கி, "கம்ப்யூட்டர்ல அலாரம் வைக்கிற வேலை" என்று சொல்லிவிடுவார். முதல் தடவை கேட்டபோது மணியக்காவுக்குக் கோபம் வந்தது. அதில் என்ன தப்பு என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது.

அவர் வேலை பார்த்தது ஒரு சலவை நிறுவனத்தில். மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் அழுக்குத் துணியை வாங்கி, துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்பும் நிறுவனம். பின்பக்கம் துவைக்கும் கொட்டகை, முன்பக்கம் மாடியில் அலுவலகம். கொட்டகையில் பெரிய இயந்திரம் சுழல ஆரம்பித்தால் அலுவலகத்தின் தரை லேசாக நடுங்கும். மேசையில் வைத்த தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும். புதிதாகச் சேர்பவர்கள் நிலநடுக்கம் என்று எழுந்து நிற்பார்கள். பழையவர்கள் டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

துணி துவைக்க எதற்குக் கிளவுட் என்று கேட்கலாம். மணியக்காவின் மாமியார் கேட்டிருக்கிறார். காலையில் ஒவ்வொரு வார்டிலும் அழுக்குத் துணியை எண்ணி, எண்ணிக்கையைக் கைப்பேசியில் பதிவார்கள். அது எங்கோ இருக்கும் ஒரு கிளவுட் சேவைக்குப் போய்ச் சேரும். அங்கே 'ஜாப்' என்று ஒன்று இருக்கிறது. அது எல்லா வார்டுகளின் எண்ணிக்கையையும் கூட்டிக் கழித்து, எந்த இடத்துக்கு எத்தனை பெட்ஷீட், எத்தனை தலையணை உறை, எத்தனை ஆபரேஷன் கவுன் என்று முடிவுசெய்து, வேன் ஓட்டுநர்களுக்குச் சீட்டும் அலுவலகத்துக்கு ஓர் அறிக்கையும் அச்சடித்துக் கொடுக்கும். ஆனால் அந்த ஜாப் தானாக எழுந்திருக்காது. அதை எழுப்ப ஒரு ட்ரிகர் வேண்டும். சேவல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். குறித்த நேரம் வந்தால் கூவும். ஜாப் எழுந்து வேலையைப் பார்க்கும். அந்தச் சேவல்களை மேய்ப்பதுதான் மணியக்காவின் பிழைப்பு.

ட்ரிகரில் ஒரு சங்கடம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் கை வைக்க முடியாது. முதலில் நிறுத்த வேண்டும். பிறகு நேரத்தை மாற்ற வேண்டும். சேமிக்க வேண்டும். கடைசியாக மறுபடி ஓடவிட வேண்டும். முதல் மூன்றையும் எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். நாலாவதில்தான் மனிதகுலம் கோட்டைவிடும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் மணியக்கா இதைச் சலிக்காமல் சொல்லிக்கொடுப்பார். "மாத்தறது பெருசில்ல. மாத்தினப்புறம் ஓடுதான்னு பாரு. பாத்துட்டு எந்திரி," என்பார். அவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நிறுவனத்தில் ஒரு நாள் மாற்றத் துறைக்குத் தலைவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு அங்கே மாற்றத் துறை என்று ஒன்று கிடையாது. ஆகவே அவர் செய்த முதல் மாற்றம், அந்தத் துறை உண்டானது. இரண்டாவது மாற்றம், அவருடைய அறை. தரை நடுங்காத மூலையில் இருந்த பண்டக அறையைக் காலிசெய்து எடுத்துக்கொண்டார். பண்டங்கள் நடைபாதைக்கு வந்தன. மூன்றாவதாக, தன் அறைச் சுவரில் டாஷ்போர்டு என்ற ஆளுயரத் திரை ஒன்றை மாட்டச் சொன்னார். அதில் எல்லா ஜாப்களும் வரிசையாகத் தெரியும். ஓடி முடித்தது பச்சை. தோற்றது சிவப்பு. அவர் பச்சையைப் பார்த்துப் புன்னகைப்பார், சிவப்பைப் பார்த்து ஆளனுப்புவார். பச்சைக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு வாரத்துக்குள் கொட்டகைக்காரர்கள் அவருக்கு 'டாஷ்போர்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல பெயர்தான். மனிதரும் அப்படித்தான், முன்பக்கம் பளபளப்பு, பின்பக்கம் யாரோ இழுத்த ஒயர்.

டாஷ்போர்டு ஒரு நாள் மணியக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், இந்தத் துணிக்கணக்கு அறிக்கை எப்ப வருது?"

"பத்து மணிவாக்குல வரும் சார்."

"எனக்கு மேலிடத்தோட மீட்டிங் எட்டு மணிக்கு. அதுக்கு முன்னாடி வேணுமே."

"சார், வார்டுல எண்ணி முடிக்கவே ஒன்பது ஆயிடும். எண்ணிக்கை வந்தப்புறம்தான ஜாப் ஓடணும்."

டாஷ்போர்டு நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். யாராவது உண்மையைச் சொன்னால் அவர் அப்படித்தான் சாய்வார். "மேடம், நீங்க ஏன் முடியாதுங்கற இடத்துலேருந்தே ஆரம்பிக்கறீங்க? முடியும்னு ஆரம்பிச்சுப் பாருங்க."

"எண்ணிக்கை வராம என்ன சார் கூட்டறது?"

"அதைச் சிஸ்டம் பாத்துக்கும்."

சிஸ்டம் என்று அவர் சொன்னது மணியக்காவைத்தான் என்பது மணியக்காவுக்குத் தெரியும். தன் இடத்துக்கு வந்தார். ட்ரிகரை நிறுத்தினார், நேரத்தை ஏழு மணி சொச்சத்துக்கு மாற்றினார், சேமித்தார், ஓடவிட்டார். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் சேவல் சொன்ன நேரத்துக்குக் கூவியது. ஜாப் எழுந்தது. இன்றைய எண்ணிக்கை எதுவும் வந்திருக்கவில்லை. கணினிக்கு வெட்கமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. நேற்றைய எண்ணிக்கையை எடுத்துக் கூட்டி, இன்றைய தேதியைப் போட்டு, பச்சை விளக்கோடு நீட்டியது. டாஷ்போர்டு அதை மீட்டிங்கில் காட்டினார். அறிக்கை இவ்வளவு சீக்கிரம் வருவது இதுவே முதல் தடவை என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். தேதியைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள். எண்களைப் பார்க்க நேரம் இல்லை.

எண்களைப் பார்த்தது வேன் ஓட்டுநர்கள். சீட்டில் போட்டபடி துணியை ஏற்றிக்கொண்டு போனால், கேட்ட இடத்தில் குறைவாக இருந்தது, கேட்காத இடத்தில் கொட்டிக்கிடந்தது. குறைந்த இடத்தில் வண்டியில் மிச்சம் இருந்ததை எதையாவது போட்டுச் சமாளித்தார்கள். பெரிய மருத்துவமனைக்கு ஓட்டும் மூத்த ஓட்டுநர் ஒரு நாள் சீட்டை எடுத்துக்கொண்டு மாடியேறி மணியக்காவின் மேசைக்கே வந்தார்.

"மணியக்கா, இன்னிக்கு சீட்டுல இருக்கறது நேத்து அவங்க எண்ணின கணக்கு, நேத்து சீட்டுல இருந்தது முந்தாநேத்து கணக்கு. நான் நேத்து போனதே தப்பா, இன்னிக்கு போகப்போறது தப்பா?"

"ரெண்டும்தான்."

"அப்ப நான் எதை வெச்சுப் போறது?"

"நீங்க போற இடத்துல கேட்டுக்கிட்டுப் போங்கண்ணே. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

வீட்டில் இதைவிட மோசம். மணியக்காவின் நாத்தனார் அந்தப் பெரிய மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்ஸ். பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார். ஆனால் சாயங்காலம் தன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அண்ணன் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் ஒரு மூச்சு பேசித் தீர்த்தால்தான் அவருக்கு நாள் முடியும்.

"அண்ணி, இன்னிக்கு எங்க வார்டுக்கு உங்க ஆளுங்க என்ன அனுப்பினாங்க தெரியுமா? லாட்ஜ் பேரு போட்ட துண்டு. பச்சைக் குழந்தையை அதுல சுத்திக் குடுத்தேன். குழந்தையோட அப்பா வாங்கிப் பாத்துட்டு, ரூமுக்கு எவ்வளவு சிஸ்டர்ங்கறார்."

மணியக்காவின் கணவர் சோபாவில் உட்கார்ந்தபடியே சிரித்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் யாராவது வேகமாகப் பேசினாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையில் அழுந்தும். இப்போதும் அழுந்தியது.

"நீ சிரிக்காதண்ணா," என்றார் நாத்தனார். "அண்ணி, நிஜமாத்தான் கேக்கறேன். நாங்க சரியாத்தான் எண்ணி அனுப்பறோம். நடுவுல யாரு அதை மாத்தறது?"

"யாரும் மாத்தலம்மா. உங்க கணக்கு வர்றதுக்குள்ளயே எங்க ஜாப் ஓடிருது."

"ஏன் ஓடுது?"

"எட்டு மணிக்கு ஒருத்தருக்கு மீட்டிங்."

நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவருக்குப் பிரசவம் ஆகட்டும், நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று மணியக்கா ஒரு யோசனையோடு தூங்கினார். நேரத்துக்குக் கூவும் சேவலை விட்டுவிட்டு, கடைசி வார்டின் எண்ணிக்கை வந்து விழுந்ததும் தானாகக் கூவும் வேறு வகை ட்ரிகரை வைத்தால் என்ன? அந்தச் சேவையில் அதற்கு வசதி உண்டு. காலையில் டாஷ்போர்டிடம் போய்ச் சொன்னார்.

"நல்ல யோசனை மேடம்," என்றார் டாஷ்போர்டு. "எத்தனை மணிக்கு ஓடும்?"

"நேரம் கிடையாது சார். கணக்கு வந்ததும் ஓடும்."

"சரி, கணக்கு வந்ததும். அது எத்தனை மணி?"

"அது அன்னன்னிக்கு மாறும் சார். வந்தா ஓடும்."

"புரியுது. ஒரு பேச்சுக்கு எட்டுன்னு போடலாமா?"

மணியக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே ஒரு வேன் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதையாவது பார்க்கலாம் என்றிருந்தது.

டாஷ்போர்டு விஷயத்தை ஒப்புதல் குழுவுக்கு அனுப்பினார். குழு என்றால் அவரும், அவர் சொல்வதற்குத் தலையாட்டும் ஒருவரும், அந்தத் தலையாட்டலைக் குறித்துக்கொள்ளும் இன்னொருவரும். இனி எந்த ட்ரிகரைத் தொட்டாலும் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது முதல் கூட்டத்தின் முடிவு. இரண்டாவது கூட்டத்தில் குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசினார்கள். மூன்றாவது கூட்டம் தள்ளிப்போனது. இடையில் பிரசவ வார்டில் ஒரு குழந்தையை மேசை விரிப்பில் சுற்றினார்கள். நாத்தனார் அதைப் படமெடுத்து அண்ணிக்கு அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தேவலை என்று மணியக்கா நினைத்தார்.

கடைசியில் ஒப்புதல் வந்தது. கேட்டதற்கு அல்ல. துணிக்கணக்கு ட்ரிகரை 'சோதனை முயற்சியாக' அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளலாம். தொடர்ந்து சில நாள் விடுமுறை வரப்போகிறது, அந்த நாட்களில் மீட்டிங் கிடையாது, ஆகவே தலைவருக்குச் சிரமம் இராது என்று காரணமும் போட்டிருந்தது. மருத்துவமனைக்கு விடுமுறை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நோயாளிகளுக்கு அவர்களே சொல்லிக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கலாம்.

விடுமுறைக்கு முந்தைய நாள் பிற்பகல் மணியக்கா அந்த ட்ரிகரைத் திறந்தார். நிறுத்தினார். குழு சொன்னது அரை மணி. இவர் தன் கணக்குக்கு இரண்டரை மணி நேரம் தள்ளிவைத்தார். அந்தச் சின்னத் திருட்டில் அவருக்கு ஒரு சந்தோஷம். சேமித்தார். அப்போது தொலைபேசி அடித்தது, மாற்றத் துறையிலிருந்து.

"மேடம், உடனே கான்பரன்ஸ் ரூமுக்கு வாங்க. போட்டோகிராபர் காத்திருக்கார்."

"எதுக்கு?"

"நீங்கதான் இந்த மாச நட்சத்திரம். அறிக்கையெல்லாம் நேரத்துக்கு வருதே, அதுக்கு."

போனார். அட்டையில் வெட்டிய மஞ்சள் நட்சத்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டோகிராபர் கையில் லேப்டாப்பும் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். யாருடையதோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டாஷ்போர்டு பக்கத்தில் நின்று தோளுக்கு மேலே கையை நீட்டி, திரையில் எதையோ சுட்டிக்காட்டுவதுபோல நடித்தார். திரை அணைந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள், விடுமுறைக்குக் கிளம்பினார்கள். மணியக்கா தன் மேசைக்கு வந்தபோது கணினி தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. வாசலில் கணவர் பயிற்சிக் காரோடு நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாணவருக்கு நேரமாகிவிட்டதாம். மணியக்கா பையை எடுத்துக்கொண்டு, நட்சத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அந்த நாலாவது காரியத்தை அவர் செய்யவில்லை.

விடுமுறையில் நன்றாகத் தூங்கினார். ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தார். இரண்டாம் நாள் காலை, திரைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வார்டிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணி, உங்க வேன் இன்னிக்கும் வராதா?"

"இன்னிக்கும்னா?"

"நேத்தும் வரலியே. லீவுன்னு நெனச்சு விட்டுட்டோம். இங்க ஒரு பெட்ஷீட் கெடையாது. அழுக்குத்துணி மூட்டை மூட்டையா வராந்தாவுல கெடக்கு."

மணியக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினார். லேப்டாப்பைத் திறந்தார். எல்லாம் பச்சை. தோல்வி எண்ணிக்கை சைபர். அவ்வளவு சுத்தமான திரையை அவர் பார்த்ததே இல்லை. துணிக்கணக்கு ட்ரிகரைத் தேடிப் போனார். பக்கத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில், மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவுக்குச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: நிறுத்தப்பட்டுள்ளது.

ஓடாத ஜாப் தோற்காது. தோற்காதது சிவப்பாகாது. சிவப்பாகாததை யாரும் கேட்கமாட்டார்கள்.

"என்ன ஆச்சு?" என்று கணவர் கேட்டார்.

"நான் ஓடவிடல," என்றார் மணியக்கா. "நான்தான் ஓடவிடல." அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அழுகைக்கு வேறு நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டார்.

ட்ரிகரை ஓடவிட்டார். குறித்த நேரம் தாண்டிவிட்டதால் அது நாளைக்குத்தான் கூவும். ஆகவே ஜாப்பைக் கையாலேயே ஓடவிட்டுப் பார்த்தார். அது சமர்த்தாக ஓடி முடித்து, எல்லா மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டிய பெட்ஷீட் சைபர் என்று சொன்னது. வேன் வராததால் நேற்றும் இன்றும் எந்த வார்டிலும் யாரும் எண்ணவில்லை. எண்ணாததால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் தேவையும் இல்லை. கிளவுட்டின் பார்வையில் உலகமே அன்று குணமாகி வீட்டுக்குப் போயிருந்தது.

மணியக்கா லேப்டாப்பை மூடினார். மூத்த ஓட்டுநருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். சீட்டு வரலியேக்கா, லீவுன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அதையே நெனச்சிருக்கோம். வேனை எடுத்துட்டு வாங்க. மத்த ஆளுங்களையும் கூப்பிடுங்க."

"சீட்டு?"

"சீட்டு நான்தான்."

பிறகு ஒவ்வொரு இடமாகப் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் சொன்னார்கள். யாரும் கிளவுட் வழியாக வா என்று சொல்லவில்லை. கொட்டகையில் காவல்காரர் மட்டும்தான் இருந்தார். துவைத்த துணி அடுக்கடுக்காக அப்படியே இருந்தது. வேன்கள் வந்தன. ஏற்ற ஆள் போதாமல் மணியக்காவின் கணவரும் கை கொடுத்தார். வேனில் அடங்காத தலையணை உறைகளைப் பயிற்சிக் காரின் பின்சீட்டில் திணித்துக்கொண்டார்கள். கூரையில் 'கற்பவர்' என்ற பலகையோடு அந்தக் கார் வேனுக்குப் பின்னால் ஊர்வலமாகப் போனது. முன்சீட்டில் உட்கார்ந்த மணியக்காவுக்கு அந்தப் பலகை தனக்காகத்தான் மாட்டியதாகத் தோன்றியது.

அந்த மருத்துவமனைக்குள் அவர் அதுவரை போனதே இல்லை. தினமும் அவருடைய திரையில் ஓர் எண்ணாக வந்து போகும் பிரசவ வார்டு, நேரில் பார்த்தால் நீளமான, பினாயில் வாசனை அடிக்கும், எல்லாப் பக்கமும் ஏதாவதொரு குழந்தை அழும் கூடமாக இருந்தது. சில கட்டில்களில் மெத்தையின் ரெக்சின் மேல் வீட்டுப் போர்வையை விரித்திருந்தார்கள். ஒரு பெண் தன் துப்பட்டாவை விரித்துக் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். மணியக்கா ஒரு கட்டு பெட்ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

நாத்தனார் வந்து கட்டை வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று மணியக்கா எதிர்பார்த்தார். "அந்தப் பக்கம் பிடிங்க அண்ணி," என்றுதான் சொன்னார். இருவரும் ஒவ்வொரு கட்டிலாக விரித்தார்கள். மூலையை எப்படி மடிப்பது என்று நாத்தனார் இரண்டு தடவை காட்டிக்கொடுத்தார். மூன்றாம் தடவை தானே செய்துவிட்டு, "நீங்க கம்ப்யூட்டரே பாருங்க," என்றார்.

விரித்து முடித்ததும் வராந்தாவில் கிடந்த அழுக்கு மூட்டைகளை எண்ணி ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வார்டில் துணி எண்ணுவது ஓர் ஆயாம்மா. உயரமான ஆள், இடுப்பில் கைப்பேசி செருகியிருந்தார். முதல் மூட்டையிடம் போய்க் காலால் ஓர் உதை விட்டார். மூட்டை கொஞ்சம் நகர்ந்தது.

"முப்பது," என்றார்.

மணியக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மூட்டைக்கு ஓர் உதை. "இருபத்தஞ்சு."

"ஆயாம்மா, பிரிச்சு எண்ண மாட்டீங்களா?"

"ரத்தமும் சதையுமா இருக்கும்மா. பிரிச்சு எண்ணுவாங்களா யாராவது? ஒதைச்சாத் தெரியும்." இன்னோர் உதை. "இது ஈரத்துணி. கனமாத் தெரியும், ஏமாந்துடக் கூடாது. இருபது." பிறகு கைப்பேசியை எடுத்து மொத்தத்தைப் பதிந்தார். மணியக்கா எட்டிப் பார்த்தார். உதைத்து வந்த கணக்கைவிடப் பத்து அதிகமாக இருந்தது.

"பத்து எதுக்குக் கூடுதலாப் போட்டீங்க?"

"சலவைக்காரங்க எப்பவும் குறைச்சுத்தாம்மா அனுப்புவாங்க. பத்து கூட்டிப் போட்டாத்தான் கணக்கு நேராகும்."

மருத்துவமனைக்காரர்கள் எப்போதும் கூட்டித்தான் கேட்பார்கள் என்பதால் வார்டுக்குப் பத்தைக் கழித்துவிட வேண்டும் என்று அந்த ஜாப்பில் ஒரு விதி உண்டு. அதை எழுதியது அவர்தான். இந்தப் பக்கம் உதைத்துக் கூட்டினார்கள். அந்தப் பக்கம் ஏசி அறையில் உட்கார்ந்து கழித்தார்கள். நடுவில் கிளவுட் என்ற மகானுபாவர் இரண்டையும் நொடியில் கணக்குப் போட்டுப் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று மணியக்கா பஸ்ஸில் வழியெல்லாம் வாக்குமூலத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். தப்பு என்னுடையது, நான் ஓடவிடவில்லை, இரண்டு நாள் துணி போகவில்லை, என்ன நடவடிக்கையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். நல்ல வாக்கியங்கள். பையைக்கூட வைக்காமல் நேரே டாஷ்போர்டின் அறைக்குப் போனார். அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க மேடம், வாங்க. பாத்தீங்களா?" சுவர்த்திரையைக் காட்டினார். "லீவு பூரா ஒரு தோல்விகூட இல்ல. நம்ம கம்பெனியில இதுதான் முதல் தடவை. மேலிடத்துக்கு அனுப்பியாச்சு."

"சார், அது தோக்கல. ஓடவே இல்ல. நான் ட்ரிகரை நிறுத்திட்டுத் திரும்ப ஓடவிடல சார். ஆஸ்பத்திரியில ரெண்டு நாளா பெட்ஷீட் இல்ல."

டாஷ்போர்டு நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். "புகார் ஏதாவது வந்திருக்கா?"

"இல்ல சார். நாங்களே போன் பண்ணிக் கேட்டு, வேன்ல கொண்டுபோய்க் குடுத்துட்டோம்."

"லீவு நாள்லயா?"

"ஆமா சார்."

"ஒவ்வொரு கஸ்டமருக்கும் நீங்களே போன் பண்ணியா?"

"ஆமா சார். ஆனா தப்பு என்னோட..."

"மேடம்," என்றார் டாஷ்போர்டு. குரல் தழுதழுத்தது. "இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

அன்று மாலை நிறுவனம் முழுக்க ஒரு சுற்றறிக்கை போனது. விடுமுறை நாட்களில் மாற்றத் துறை நடத்திய சிறப்பு வாடிக்கையாளர் தொடர்புத் திட்டம் மாபெரும் வெற்றி. மணியக்காவின் பெயர் அதில் இருந்தது, அதே எழுத்துப் பிழையோடு. நடந்ததை நடந்தபடி எழுதி இன்னொரு தடவை கொண்டுபோய்க் கொடுத்தார். சரிபார்த்துப் பதில் சொல்வதாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செய்த தப்புக்குத் திட்டு வாங்குவதற்குக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அவர் அன்று வீட்டில் சொன்னார். நாத்தனார், "அவ்வளவுதானே, நான் திட்டறேன்," என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து முறையாகத் திட்டினார். மணியக்காவுக்கு மனசு லேசானது.

கணக்கு வந்ததும் கூவும் ட்ரிகர் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அதுவும் வந்தது. டாஷ்போர்டு ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தார். அங்கே யாரோ ஒருவர் மேடையேறி, இனி எதிர்காலமே 'இவென்ட் ட்ரிகர்'தான் என்று பேசியிருக்கிறார். நேரம் பார்த்து ஓடுவது பழைய காலம். நிகழ்வு நடந்ததும் ஓடுவதுதான் புதிய யுகம் என்று டாஷ்போர்டு திரும்பி வந்து கூட்டம் போட்டு விளக்கினார். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் மணியக்காவை உட்காரவைத்து, "மேடம், இதை நீங்க ஓபன் மைண்டோட அணுகணும்," என்று தனியாகக் கேட்டுக்கொண்டார். வெளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து வகுப்பெடுத்தார். மணியக்கா வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டார். மறுநாளே பழைய ட்ரிகரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். குழு அதே வாரம் கூடி, அது தன்னுடைய யோசனை என்று தீர்மானம் போட்டது. பிரசவ வார்டுக்குப் பிரசவ வார்டின் துணியே போக ஆரம்பித்தது. டாஷ்போர்டு இந்தச் சாதனைகளின் பேரில் மேலிடத்துக்கே உயர்ந்து போனார். அங்கே சுவர் இன்னும் பெரியது என்று கேள்வி.

மணியக்காவுக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பத்து. ஒரு நாள் ஜாப்பைத் திறந்து தான் எழுதிய விதியை அழித்தார். மருத்துவமனைக்குப் போன் போட்டு ஆயாம்மாவைக் கூப்பிடச் சொல்லி, "இனிமே நாங்க கழிக்க மாட்டோம். நீங்களும் கூட்ட வேண்டாம். இருக்கறதை மட்டும் போடுங்க," என்றார். ஆயாம்மா சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் நாத்தனார் வந்து, "அண்ணி, போதும் அண்ணி," என்றார். "பீரோ நெறைஞ்சு, டாக்டர் ரூம் அலமாரி நெறைஞ்சு, இப்ப பெட்ஷீட்டைத் தொட்டில்ல அடுக்கறோம். குழந்தை பொறந்தா எங்க போடறது?"

மணியக்கா அந்த வார விடுமுறை நாளில் நேரே வார்டுக்குப் போனார். ஆயாம்மா வராந்தாவில் மூட்டைகளோடு நின்றிருந்தார்.

"ஆயாம்மா, கூட்ட வேண்டாம்னு சொன்னேனே. சரின்னீங்களே."

"சரின்னுதாம்மா சொன்னேன்."

"அப்புறம் ஏன் கூட்டறீங்க?"

ஆயாம்மா கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நீங்க நல்லவங்க, கழிக்க மாட்டீங்க. நான் நம்பறேன். நாளைக்கு உங்க சீட்டுக்கு வேற யாராவது வருவாங்கல்ல? அவங்க வந்து கழிச்சா, அன்னிக்கு நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

வரப்போகிறவரை மணியக்காவுக்கும் தெரியாதுதான். பையை ஓரமாக வைத்துவிட்டு, கைப்பேசியைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஆயாம்மா அடுத்த மூட்டைக்குப் போய் ஓங்கி ஓர் உதை விட்டார்.

"நாப்பது," என்றார்.

மணியக்கா நாற்பது என்றே பதிந்தார்.